டிராக்டர் சுழல் தண்டும் அதன் மாற்றுப் பாகங்களும்

(காரைக்கால் வட்டார உழவர்களும் டிராக்டர் ஓட்டுநர்களும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. இதோ, என் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. இரண்டு இரும்புக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இணைத்து, நான்கு முனைகளிலும் நான்கு சிறு கிண்ணங்களைக் கவிழ்த்தாற் போன்ற உருவம். நீங்கள் 'கிராஸ்' என்று சொல்வது இதைத்தான். டிராக்டரின் வலிமை முழுவதும் ரோட்டவேட்டருக்குப் போய்ச் சேருவது இந்தச் சிறு சாமான் வழியாகவே. இது உடைந்துவிட்டால், ஐம்பது குதிரைச் சக்தி உள்ள டிராக்டராயினும் வயல் நடுவில் நட்ட கல்லைப்போல் நிற்க வேண்டியதுதான்.

நான் இயந்திரவியல் கற்றவன் அல்லன். கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டு இப்பணிக்கு வந்தவன். இதைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று உங்களிற் சிலர் எண்ணலாம். எனக்குத் தகுதி அளித்தது ஒரு குறுவைப் பருவத்தில் நான் கண்ட காட்சி.

வாய்க்கால் தூர் வாரும் வேலையைப் பார்வையிட நெடுங்காடு கொம்யூனிலுள்ள ஓர் ஊருக்குப் போயிருந்தேன். சேற்றுழவு பாதியில் நின்றிருந்தது. ரோட்டவேட்டரோடு டிராக்டர் வயல் நடுவில் நிற்க, அதன் உரிமையாளர் வரப்பின்மீது அமர்ந்திருந்தார். தண்ணீர் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நாற்றங்காலில் நாற்றுக்கு இருபத்தைந்து நாள் வயது. நடவுப் பெண்களுக்கு மறுநாளைக்கு என்று சொல்லி வைத்திருந்தார். கிராஸ் உடைந்து போயிற்று.

முதல் முறை அவர் கடைக்குச் சென்றபோது, டிராக்டரின் பெயரையும் அதன் குதிரைச் சக்தியையும் சொல்லிக் கிராஸ் கேட்டார். கடைக்காரரும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கொண்டுவந்து பார்த்தால், கவையின் துளைக்குள் அது கலகலவென்று ஆடிற்று. இரண்டாம் முறை, உடைந்த துண்டையே கையோடு எடுத்துச் சென்றார். இது புத்திசாலித்தனமான காரியந்தான். கடைக்காரர் பழைய கிண்ணத்தின் பக்கத்தில் புதிய கிண்ணத்தை வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே பருமன். சரி என்று கொடுத்துவிட்டார். அங்கேதான் பிழை நேர்ந்தது. கிண்ணத்தின் குறுக்களவு இரண்டிலும் 27 மில்லிமீட்டர். ஆனால் ஒரு கிண்ணத்தின் முகத்திலிருந்து எதிர்க் கிண்ணத்தின் முகம் வரையுள்ள நீளமோ, பழையதில் 74.6 மில்லிமீட்டர், புதியதில் 70. இடைவெளி 4.6 மில்லிமீட்டர், பக்கத்துக்கு 2.3. இது ஓர் இரண்டு ரூபாய் நாணயத்தின் கனத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. பட்டறையில் இருபுறமும் ஒவ்வொரு வாஷரை வைத்து அடைத்துப் பூட்டிக் கொடுத்தார்கள். ஒரு நாள் ஓடிற்று. இரண்டாம் நாள் வாஷர் நசுங்கி, லாக் வளையம் தெறித்து, கிண்ணம் வெளியே வந்துவிட்டது. வந்ததோடு நில்லாமல், கவையின் துளையையும் முட்டை வடிவாக்கிவிட்டது. ஒரு கிராஸின் செலவோடு போக வேண்டியது, கிராஸும் கவையும் சேர்ந்த செலவாயிற்று.

அதற்குள் தண்ணீர் முறை மாறிவிட்டது. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. அன்றியும் குறுவை பிந்தினால், அறுவடை ஐப்பசி அடைமழையோடு போட்டியிட நேரும். நம்முடையதோ காவிரிப் படுகையின் கடைமடை. 2007-ஆம் ஆண்டு நடுவர் மன்றம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கென ஒதுக்கியது 7 டி.எம்.சி.; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்தத் தண்ணீரும் மேட்டூரிலிருந்து இத்தனை தூரம் வந்து, அரசலாறு, நாட்டாறு, நூலாறு என்று பிரிந்து நம் வாய்க்காலை அடைய வேண்டும். அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2024-இல் திறந்ததோ ஜூலை 28. இத்தகைய நிலையில், தண்ணீர் வந்த பிறகு கிராஸைத் தேடிக் காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று மூன்று நாள் அலைவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். அன்று அவர் இழந்தது இரும்பை அல்ல; நாட்களை.

மாங்கனித் திருவிழா நடக்கும் ஊர் நம்முடையது. அதுவும் ஆனி மாதப் பௌர்ணமியில், குறுவை வேலை நடக்கும் நாட்களிலேயே வருகிறது. கணவர் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றை அடியாருக்குப் படைத்துவிட்ட அம்மையார், அதற்கு ஈடாக இறையருளால் வேறொரு கனியைப் பெற்று இலையில் இட்ட வரலாறு நாம் அறிந்ததே. அந்தக் கனி வேறு என்பதைப் பரமதத்தன் சுவைத்தவுடனே அறிந்துகொண்டான். இறைவன் தந்த கனியாதலால் அது முன்னதினும் மேலான சுவையோடு வந்தது. கடை தரும் கிராஸ் அவ்வாறு வருமென்று எதிர்பார்ப்பதற்கில்லை! ஆனால், மாற்றி வைத்தது வேறு என்பதை இயந்திரமும் முதல் சுற்றிலேயே அறிந்துகொள்கிறது. நாம் அறிவதற்குத்தான் இரண்டு நாள் ஆகிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற விரும்புகிறேன். இந்தச் சுழல் தண்டு டிராக்டரைச் சேர்ந்தது என்று பலர் கருதுகின்றனர். ஆகவேதான் கடையில் டிராக்டரின் பெயரைச் சொல்கின்றனர். உண்மையில் தண்டு, கருவியோடு வருவது. ரோட்டவேட்டர் வாங்கும்போது அதற்குரிய தண்டும் கூடவே வருகிறது. ஒரே டிராக்டரில் இன்று ரோட்டவேட்டர், நாளை வைக்கோல் கட்டும் இயந்திரம் என்று மாற்றி மாட்டுகிறோம். ஒவ்வொன்றுக்கும் தண்டு வேறு. அன்றியும் பழைய ரோட்டவேட்டரை விலைக்கு வாங்கியவர்கள் பலர் இருக்கின்றீர்கள். அதனுடன் வந்த தண்டு அதனுடையதுதானா, முன்பு வைத்திருந்தவர் எங்கிருந்தேனும் எடுத்து மாட்டியதா என்பதை யார் அறிவார்? ஆகவே, டிராக்டரின் பெயரும் உதவாது. சில சமயம் ரோட்டவேட்டரின் பெயரும் உதவாது. உதவுவது அளவு ஒன்றே.

பட்டறைகளில் இதைக் 'கார்டன் ஷாஃப்ட்' என்றும் சொல்கிறார்கள். தோட்டத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கார்டானோ என்ற அறிஞரின் பெயரால் வழங்குவது அது. பிரெஞ்சு மொழியிலும் இதற்கு அதே பெயர்தான். ஆகவே நம் பகுதிப் பெரியவர்கள் சிலருக்கு இச்சொல் புதிதாக இராது. அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்த ராபர்ட் ஹூக் என்பவர் இந்த இணைப்பை ஆராய்ந்து பயன்படுத்தினார். இரண்டு தண்டுகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் கோணலாக இருந்தாலும், ஒன்றன் சுழற்சியை மற்றொன்றுக்குக் கொண்டு செல்வதே இதன் வேலை. டிராக்டரின் பின்புற முனை ஓர் உயரத்திலும், ரோட்டவேட்டரின் கியர்ப் பெட்டி வேறோர் உயரத்திலும் இருக்கின்றன அல்லவா? மேடு பள்ளத்தில் அந்த உயரமும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவேதான் தண்டின் இரு முனைகளிலும் இரண்டு கிராஸ்கள். நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு சுருங்கும் இரண்டு குழாய்கள்.

இனி அளக்கும் முறைக்கு வருகிறேன். தண்டில் கை வைக்குமுன் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கிவிட வேண்டும். தூக்கிய நிலையில் அதன் கீழ் அமர்ந்து வேலை பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்; கண்டபோதெல்லாம் என் நெஞ்சு படபடத்திருக்கிறது.

டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. முனையைத் துடைத்துவிட்டுப் பற்களை எண்ணுங்கள். எண்ணத் தொடங்கிய பல்லில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு இட்டுக்கொண்டால் பிசகாது. நம் நாட்டு டிராக்டர்களில் பெரும்பாலும் ஆறு பற்கள் இருக்கும். முனையின் குறுக்களவு 1 3/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 540 சுற்று என்னும் வேகத்துக்கு ஏற்பட்டது இது. இதே 35 மில்லிமீட்டர் குறுக்களவில் இருபத்தொரு பற்கள் உள்ள முனை 1000 சுற்றுக்கு உரியது. இன்னும் பெரிய டிராக்டர்களில் 1 3/4 அங்குலக் குறுக்களவும் இருபது பற்களும் காணப்படும். இம்மூன்று வகைகளையும் இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 4931 வரையறுக்கிறது. குறுக்களவை மட்டும் சொல்லிக் கவையை வாங்கினால், ஆறு பல்லுக்குப் பதில் இருபத்தொரு பல் வந்து சேரக்கூடும் என்பதைக் கவனித்தீர்களா? தண்டின் மறுமுனையையும் தனியே பாருங்கள். ரோட்டவேட்டர்ப் பக்கமும் ஆறு பல்லாகவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பல்லே இல்லாத துளையில் போல்ட்டோ பின்னோ செருகும் கருவிகளும் உண்டு.

அடுத்தது கிராஸ். அதிகமாக உடைவதும் அதிகமாகத் தவறாக வாங்கப்படுவதும் இதுவே. ஆதலால் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

முதலில் கவையை டீசலும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். சேற்றுக்கும் துருவுக்கும் அடியில் எழுத்தோ எண்ணோ பொறித்திருக்கக் காணலாம். அது தயாரிப்பாளரின் அடையாளம். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பொருள் விளங்காவிட்டாலும் பரவாயில்லை, கடைக்காரருக்கு விளங்கும். பின்னர், கிண்ணத்தைப் பிடித்து நிறுத்தும் லாக் வளையம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கவைத் துளையின் வெளிப்புறப் பள்ளத்தில் அமர்ந்திருப்பது ஒரு வகை. கவையின் உட்பக்கத்தில், கிண்ணத்தின் கழுத்துப் பள்ளத்தில் அமர்ந்திருப்பது மற்றொரு வகை. முதல் வகையில் எதிரெதிர்க் கிண்ணங்களின் வெளிமுகம் முதல் வெளிமுகம் வரை முழு நீளத்தை அளக்க வேண்டும். இரண்டாம் வகையில் வளையப் பள்ளங்களுக்கு இடைப்பட்ட நீளத்தை அளக்க வேண்டும். இரண்டையும் மாற்றி அளந்தால் எண் சரியாகவே வரும். சாமான் தவறாக வரும்.

வளையத்தைக் கழற்றிக் கிராஸை வெளியே தட்டி எடுத்தபின், கிண்ணங்களைத் துடைத்து மீண்டும் அதனதன் முனையில் இறுக்கி வைத்து அளக்க வேண்டும். உள்ளே ஊசிபோன்ற உருளைகள் வரிசையாக அமைந்திருக்கும். தேய்வது இந்த ஊசிகளும் அவை உருளும் முனையுமே. கிண்ணத்தின் வெளிப்புறம் கவைக்குள் இறுகி நிற்பதால் அங்கே தேய்வு மிகக் குறைவு. ஆகவே, எவ்வளவு நொறுங்கிய கிராஸாயினும், ஒரே ஒரு நல்ல கிண்ணம் அகப்பட்டால் அதன் குறுக்களவு கிடைத்துவிடும். கிண்ணமே சேற்றில் போய்விட்டதென்றால், கவையின் துளையையும், துளைகளின் இரு பள்ளங்களுக்கு இடையேயுள்ள தூரத்தையும் அளந்து கொள்ளலாம். நான் சொன்ன நண்பர் அன்றைக்கு இதைச் செய்திருந்தாலே போதும்.

குறுக்களவு, நீளம் ஆகிய இரண்டும் சேர்ந்துதான் கிராஸின் பெயர். 22-க்கு 54, 23.8-க்கு 61.3, 27-க்கு 70, 27-க்கு 74.6 என்பன போன்று அவை வழங்கும். இவை எல்லாம் மில்லிமீட்டர். இவற்றுள் அடங்காத அளவுகளும் நம் ஊர்களில் ஓடுகின்றன. ஆதலால், அளந்து வந்த எண்ணுக்கு அருகிலுள்ள எண்ணைத் தெரிந்தெடுத்துச் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. ஒரே கிராஸின் இரண்டு கைகளும் வெவ்வேறு நீளமாக அமைந்தவையும் உண்டு. ஆகவே ஒரு கையை அளந்து நிறுத்திவிடாமல் இரண்டையும் அளக்க வேண்டும்.

தையற்காரர் நாடாவோ தச்சர் அடிக்கோலோ இதற்கு உதவாது. வெர்னியர் காலிப்பர் என்னும் கருவி வேண்டும். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். எண்ணைத் திரையில் காட்டும் காலிப்பர்களும் இப்போது வந்துவிட்டன. மீட்டர் அளவை உலகுக்கு அளித்தது பிரெஞ்சு தேசம். 1795-இல் அங்கே சட்டமாயிற்று. இந்திய நாடு அதற்கென 1956-இல் சட்டம் இயற்றியது. பிரெஞ்சுக் கொடி பறந்த காரைக்காலில் மில்லிமீட்டரைப் பற்றி நான் வாதாட வேண்டியிருப்பது ஒரு வேடிக்கைதான்! இன்னொரு வேடிக்கை: இதே தண்டில் முனையின் பல்லுக்கு அங்குலம், கிராஸுக்கு மில்லிமீட்டர். இரண்டையும் எழுதும்போது எது எந்த அளவு என்று கூடவே குறித்துக் கொள்ளுங்கள்.

கிரீஸ் நிப்பிள் கிராஸின் நடுவில் இருக்கிறதா, கிண்ணத்தின் தலையில் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். புதியதைப் பூட்டும்போது கிரீஸ் துப்பாக்கி எட்டும் பக்கமாக நிப்பிளைத் திருப்பி வைக்க வேண்டும். எட்டாத இடத்தில் நிப்பிள் அமைந்தால், அதற்குக் கிரீஸ் போடாதவர் ஓட்டுநர் என்றாலும் குற்றம் பூட்டியவருடையது.

குழாய்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உட்குழாயின் வெட்டுமுகம் எலுமிச்சம்பழம் போன்றோ, மூன்று முனை கொண்டோ, நட்சத்திரம் போன்றோ, சதுரமாகவோ இருக்கும். முனையை ஒரு காகிதத்தின்மீது நிறுத்திப் பென்சிலால் சுற்றிக் கோடிட்டு, அந்தக் காகிதத்தையே கடைக்குக் கொண்டு செல்லலாம். அகலத்தையும் தகட்டின் கனத்தையும் அதன்மேல் எழுதிவிடுங்கள். நீளத்துக்கு, தண்டை முழுதும் சுருக்கி வைத்து ஒரு கிராஸின் நடுவிலிருந்து மறு கிராஸின் நடு வரை அளக்க வேண்டும். புதுத் தண்டு வாங்கினால் அது பெரும்பாலும் நீளமாகவே வரும். நம் டிராக்டருக்கு ஏற்ப வெட்டிக்கொள்ள வேண்டும். ரோட்டவேட்டரை மேலே தூக்கியும், நடுவில் நிறுத்தியும், கீழே இறக்கியும் மூன்று நிலையிலும் பாருங்கள். மிகச் சுருங்கும் நிலையில் குழாய் மோதாமல் ஓர் அங்குலமாவது இடம் வேண்டும். வேலை செய்யும் நிலையில் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது நுழைந்திருக்க வேண்டும். வெட்டும்போது உட்குழாயிலும் வெளிக்குழாயிலும் சம நீளம் வெட்ட வேண்டும்; மேலுறையையும் அவ்வாறே. குறைவாக வெட்டினால் தண்டு முட்டி, டிராக்டரின் பின்புறப் பேரிங்கைத் தாக்கும். அதிகமாக வெட்டினால் பள்ளத்தில் இறங்கும்போது குழாய் கழன்று சுழலும். அந்தக் காட்சியை யாரும் காண வேண்டாம்.

குழாய்களை மீண்டும் கோக்கும்போது, நடுவிலுள்ள இரண்டு கவைகளும் ஒரே திசையில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சதுரக் குழாயில் மாற்றிக் கோத்துவிடுவது எளிது. இது ஏன் முக்கியம் என்றால், கோணலாக நிற்கும் கிராஸ் ஒரே சீரான வேகத்தில் சுழற்சியைக் கொடுப்பதில்லை. முப்பது பாகைக் கோணத்தில், 540 சுற்று வேகம் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் இருமுறை 468 வரை தாழ்ந்தும் 624 வரை உயர்ந்தும் வருகிறது. இரண்டு கவைகளும் ஒரே திசையிலும், இரு முனைகளின் கோணங்களும் சமமாகவும் இருந்தால், முதல் கிராஸின் கோளாற்றை இரண்டாவது கிராஸ் நேர் செய்துவிடுகிறது. திசை மாறினால் இரண்டு கோளாறுகளும் ஒன்று சேர்ந்து தண்டு உதறும். 'புதுக் கிராஸ் போட்டும் உதறுகிறதே, கடைக்காரர் மட்டச் சாமானைக் கொடுத்துவிட்டார்' என்று ஒருவர் என்னிடம் முறையிட்டார். போய்ப் பார்த்தால் குழாயை மாற்றிக் கோத்திருந்தார். கடைக்காரர் பாவம்.

வரப்போரம் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்தாமலே ரோட்டவேட்டரை உயரத் தூக்கும் பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் இருக்கிறது. நேரம் மிச்சம் என்று எண்ணுகிறார்கள். கிராஸ்கள் பல முறிவது அந்தத் திருப்பத்தில்தான் என்பது பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் கூறும் செய்தி. மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் அதில் வியப்பொன்றுமில்லை.

இப்போது ஒரு கசப்பான விஷயம். தண்டில் 'ஷியர் போல்ட்' என்று ஒன்று சில கருவிகளில் இருக்கிறது. கத்தி கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் தான் முறிந்து மற்றவற்றைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்த போல்ட் அது. அடிக்கடி முறிகிறதே என்று சலித்து, அந்த இடத்தில் கெட்டியான போல்ட்டைப் போடுகிறார்கள். சிலர் வெல்டிங்கே வைத்துவிடுகிறார்கள். போல்ட்டின் தலையைப் பாருங்கள்; 8.8 என்றோ 10.9 என்றோ எண் பொறித்திருக்கும். எண் கூடினால் வலிமை கூடுதல். எந்த எண்ணுள்ள போல்ட், எந்தப் பருமனில், எந்த நீளத்தில் வேண்டுமென்று கருவியோடு வந்த புத்தகம் கூறும். அதையே போட வேண்டும். இங்கே வலிமை கூடுதலான சாமான் நல்ல சாமான் அன்று. போல்ட் முறியாவிட்டால் கிராஸ் முறியும். கிராஸும் முறியாவிட்டால் கியர்ப் பெட்டி. போல்ட்டுக்குப் பதில் வழுக்கும் கிளச் உள்ள தண்டும் உண்டு. அதைக் கருவிப் பக்கமாகவே மாட்ட வேண்டும்.

மேலுறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை, தண்டோடு சுழலாதபடி ஒரு சிறு சங்கிலியால் கட்டியிருக்கும். வாங்கிய முதல் வருஷத்தோடு உறையும் சங்கிலியும் காணாமற் போய்விடுகின்றன. கிராஸ் வாங்கும் நாளில் உறையையும் வாங்குகிறவர் மிகச் சிலர். ஒரு கணக்கைச் சொல்கிறேன். நிமிஷத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது சுற்று. கவைப் பாகத்தின் குறுக்களவு பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் சுற்றளவு முப்பத்தொரு சென்டிமீட்டர். அதில் ஒரு துணி முனை சிக்கினால், ஒரு விநாடியில் அது சுருட்டிக்கொள்ளும் நீளம் இரண்டே முக்கால் மீட்டருக்கு மேல். நான்கு முழ வேட்டியின் நீளம் இரண்டு மீட்டருக்கு உட்பட்டது. 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் வேட்டி முடிந்துவிடும், அடுத்தது உடல். கதிரடிக்கும் இயந்திரங்களில் உழவர்களும் தொழிலாளர்களும் கைகளை இழந்து வந்ததன் பேரில், 1983-இல் பாராளுமன்றம் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்ற நேர்ந்தது. சுழல் தண்டும் அந்த இயந்திரங்களுக்குச் சற்றும் இளைத்ததன்று. வேட்டியை மடித்துக் கட்டியவரும், தோளில் துண்டு போட்டவரும், ஓடும் தண்டின் அருகே வரவே கூடாது. நடவுக்கு வந்த பெண்கள் குறுக்கே தாண்டிப் போகாதபடி ஓட்டுநர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, சாமான் ஏன் சீக்கிரம் போகிறது என்பதைச் சிறிது பார்ப்போம். நாம் ரோட்டவேட்டரைப் பெரும்பாலும் சேற்றில் ஓட்டுகிறோம். சேற்று நீர் கிண்ணத்தின் வாய்க்குள் புகுந்து கிரீஸைக் கழுவி விடுகிறது. அத்துடன் திருமலைராயன்பட்டினம், கோட்டுச்சேரி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. சம்பா உழவு முடிந்து மழையில் நனைய நனையக் களத்தோரம் நிறுத்திய ரோட்டவேட்டரின் தண்டு, அடுத்த ஆனியில் திரும்பாமல் இறுகி நிற்பது இதனால்தான். எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கிரீஸ் போட வேண்டும். சேற்றுழவில் நாள்தோறும் மாலையில் போடுவது நல்லது. போடும்போது நான்கு கிண்ணங்களின் வாயிலிருந்தும் பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை போட வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், அடுத்து உடையப் போவது அந்தக் கிண்ணமே என்று குறித்துக்கொள்ளலாம். வேலை முடிந்த பருவத்தில் தண்டைக் கழற்றிக் கழுவி, குழாய்களுக்கும் கிரீஸ் தடவி, கூரையின்கீழ் வைத்தால் உப்புக் காற்று அவ்வளவாகத் தீண்டாது.

இவ்வளவும் செய்தாலும் கிராஸ் ஒரு நாள் உடையத்தான் செய்யும். ஆகவே, உடையுமுன் அளந்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். இரண்டு வரிசைக் கோடு போட்ட ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். கருவியின் பெயர், அதன் தகட்டிலுள்ள வரிசை எண், முனையின் பற்கள், கிராஸின் குறுக்களவும் நீளமும், லாக் வளையம் உள்ளேயா வெளியேயா, குழாயின் வடிவம், சுருங்கிய நீளம், போல்ட்டின் எண், இவற்றை எழுதிவிடுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வோம் என்று இளைஞர்கள் கூறுகிறார்கள். நன்று, ஆனால் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். அளவுகோல் இல்லாத படத்தில் 70-உம் 74.6-உம் ஒன்றுபோலவே தோன்றும்.

இன்னொரு யோசனையும் உண்டு. ஓர் ஊரில் பத்து ரோட்டவேட்டர் இருந்தால், பத்துக்கும் பத்து வகைக் கிராஸ் இராது; அளந்து பார்த்தால் இரண்டு மூன்று வகைக்குள் அடங்கிவிடக்கூடும். எல்லோருடைய நோட்டுப் புத்தகத்தையும் ஒரு நாள் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு மூன்று வகையில் இரண்டிரண்டு கிராஸும், சில லாக் வளையங்களும், உரிய போல்ட்டுகளும் ஊர்ப் பொதுவில் ஒரு பெட்டியில் வாங்கி வைக்கலாம். எடுத்தவர் அதே வாரத்தில் புதிது வாங்கித் திரும்ப வைத்துவிட வேண்டும். கூட்டுறவுச் சங்கமோ, உழவர் குழுவோ, சுய உதவிக் குழுவோ எது வேண்டுமானாலும் இதை நடத்தலாம். காலிப்பர் ஒன்றும் அதே பெட்டியில் இருக்கட்டும். பெட்டியின் சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் தகராறு வரும் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவர் அனுபவசாலி. ஆகவே சாவி விஷயத்தை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பேச்சு நீண்டுவிட்டது. இந்த மேசைமீது ஐந்து கிராஸ்கள் இருக்கின்றன; இவற்றுள் இரண்டு, கிண்ணத்தில் ஒத்து நீளத்தில் மாறுபட்டவை. எவை இரண்டு என்று நான் சொல்லப் போவதில்லை. காலிப்பர் இதோ இருக்கிறது. ஓட்டுநர் சகோதரர்கள் முதலில் வாருங்கள். அளந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு வாசலில் நிற்கும் ரோட்டவேட்டரின் தண்டைக் கழற்றி, அதையும் அளப்போம்.